கல்லூரி நாட்களில் மனம் தளரும்போது: உதவியை எங்கே, எப்படித் தேடுவது?

இதைப் படிக்கும் இந்த நேரத்தில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால், கீழே உள்ளதை எல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் தனியாக இருக்கும் இடத்தை விட்டு வெளியே வாருங்கள். பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள், வார்டனை எழுப்புங்கள், யாருக்காவது போன் செய்யுங்கள். நள்ளிரவாயிற்றே என்று தயங்க வேண்டாம். உங்கள் நாட்டின் அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள். அல்லது ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். "எனக்கு உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதும். மாரடைப்பு வந்தவரைப் போலவே உங்களையும் அவசரமாகக் கவனிக்க வேண்டியது மருத்துவர்களின் கடமை.

அந்த அளவுக்கு ஆபத்து இல்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்று நினைப்பவர்களுக்காகவே இந்த வழிகாட்டி.

மாணவர்கள் உதவி தேடாததற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. வெட்கம், பணம், நேரமின்மை, வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். எல்லாமே உண்மையான காரணங்கள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் வந்து வழியை மறிப்பது வேறொரு நினைப்பு: "எனக்கு இன்னும் அந்த அளவுக்கு ஆகவில்லை." வகுப்புக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், நண்பர்களோடு சிரிக்கவும் செய்கிறேன், என்னை விட மோசமான நிலையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கான இடத்தை நான் ஏன் பிடிக்க வேண்டும் என்று யோசித்தே மாதங்கள் போய்விடுகின்றன. உதவி கேட்க எந்தத் தகுதி மதிப்பெண்ணும் கிடையாது. சீக்கிரம் போனால் சிகிச்சை எளிது, படிப்பில் இழப்பும் குறைவு. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தனி ஆள் இல்லை என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கல்லூரி மாணவர் ஆய்வுத் திட்டம் 8 நாடுகளில், 19 கல்லூரிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 14,000 முதலாண்டு மாணவர்களிடம் கேள்விகள் கேட்டது. 2018-இல் வெளியான அதன் முடிவின்படி, அதற்கு முந்தைய 12 மாதங்களில் மட்டும் 31 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம் போன்ற ஏதாவது ஒரு கோளாறின் அறிகுறிகள் இருந்தன. ஒரு வகுப்பில் அறுபது பேர் என்றால் பதினெட்டுப் பேருக்கு மேல். இந்த வயதில் இது தலைகாட்டுவதிலும் வியப்பில்லை. வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. வீட்டை விட்டு வருவது, தூக்கம் கெடுவது, முதல் தோல்வி, முதல் காதல் முறிவு, கடன், வேலை பற்றிய பயம் என்று எல்லாம் சேர்ந்து வருவதும் அதே வயதில்தான்.

படி 1: என்ன நடக்கிறது என்று பாருங்கள்

தேர்வுக்கு முன் வயிற்றைக் கலக்குவதும், நெருங்கியவர் இறந்தால் வாரக்கணக்கில் அழுவதும் நோய் அல்ல. வருத்தத்துக்கும் நோய்க்கும் நடுவே துல்லியமான கோடு எதுவும் இல்லை. ஆனாலும் மூன்று கேள்விகள் உதவும். எவ்வளவு நாளாக இருக்கிறது? நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறதா? படிப்பு, தூக்கம், சாப்பாடு, உறவுகள் இவற்றில் எதைக் கெடுக்கிறது?

மனச்சோர்வைப் பொறுத்தவரை மருத்துவர்கள் பார்க்கும் குறைந்தபட்சக் கால அளவு இரண்டு வாரம். அந்த நாட்களில் பெரும்பாலும் மனம் கனத்தே இருப்பது, அல்லது முன்பு பிடித்த எதிலும் ஒட்டாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும். கூடவே தூக்கம் குறைவது அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது, பசி மாறுவது, தீராத களைப்பு, கவனம் நிற்காமை, தன்னை ஒன்றுக்கும் உதவாதவராக நினைப்பது, இறப்பைப் பற்றிய எண்ணம் ஆகியவை வரலாம். பலருக்கு இது சோகமாகவே தெரியாது. எரிச்சலாக வரும். ஒரே பக்கத்தை ஏழு தடவை படித்தும் ஒன்றும் ஏறாத நிலையாக வரும். குளிக்கவே பெரும் முயற்சி தேவைப்படும். "நான் சோம்பேறியாகிவிட்டேன்" என்று தன்னைத் திட்டிக்கொள்ளும் மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது சோம்பல் அல்ல, நோய்.

பதற்றக் கோளாறு வேறு மாதிரி. எதைப் பற்றியாவது மனம் ஓயாமல் கவலைப்பட்டுக்கொண்டே இருக்கும். தோளும் தாடையும் இறுகிக் கிடக்கும். வகுப்பில் கையைத் தூக்கவோ, மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிடவோ முடியாமல் போகும். சிலருக்குத் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்று தோன்றும். இதுதான் பேனிக் அட்டாக். பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகத் தணியும், உயிருக்கு ஆபத்தில்லை. என்றாலும் முதல் தடவை வரும்போது இதயத்தை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

உங்கள் நிலையை எண்ணில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 'பி.எச்.க்யூ-9' என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் 2001 முதல் உலகெங்கும் மருத்துவமனைகளில் புழங்குகிறது. இலவசம், பல மொழிகளில் கிடைக்கிறது, ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதில் பூஜ்யத்தைத் தவிர எதைக் குறித்தாலும், மொத்தம் எவ்வளவு வந்திருந்தாலும் தாமதிக்காமல் பேச வேண்டும். பதற்றத்துக்கு இதே போல 'ஜி.ஏ.டி-7' உண்டு. இரண்டும் சோதித்துப் பார்க்கும் கருவிகள் மட்டுமே, நோயைத் தீர்மானிப்பவை அல்ல. முப்பது விநாடி வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு "எனக்கும் இதேதான்" என்று ஒரு நோயின் பெயரைச் சூட்டிக்கொள்வதை விட இவை பல மடங்கு நம்பகமானவை.

சில அறிகுறிகளுக்கு இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை, பல நாள் தூங்காமலே உற்சாகம் பொங்கி அளவுமீறிப் பேசுவதும் செலவழிப்பதும், எடை குறைவதற்காகச் சாப்பாட்டையே ஒதுக்குவது அல்லது சாப்பிட்டதை வாந்தியெடுப்பது, உடலைக் காயப்படுத்திக்கொள்வது. இவற்றில் எது இருந்தாலும் நேராக மனநல மருத்துவரிடம் போக வேண்டும். குறிப்பாக முதல் இரண்டும் இருபது வயதை ஒட்டித் தொடங்குவது அதிகம். அவற்றில் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

படி 2: ஒரு பக்கம் எழுதி வையுங்கள்

எப்போது தொடங்கியது, தூக்கமும் பசியும் எப்படி, எந்த நேரத்தில் அதிகம், படிப்பில் என்ன பாதிப்பு, குடி, புகை, வேறு போதைப் பொருள் ஏதாவது உண்டா, குடும்பத்தில் யாருக்காவது மனநலச் சிக்கல் இருந்ததா, இப்போது சாப்பிடும் மருந்துகள் என்ன. ஒரு பக்கம் போதும். நிபுணர் முன்னால் உட்கார்ந்ததும் "ஒன்றுமில்லை, கொஞ்சம் டென்ஷன்தான்" என்று வாய் தானாகச் சுருக்கிவிடும். அந்த நேரத்தில் இந்தத் தாளை நீட்டிவிடலாம். பேசவே முடியாதவர்களும் இதைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்காரலாம், அதுவும் போதும்.

படி 3: ஒருவரிடம் சொல்லுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான படி. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

முதலில் ஆளைத் தேர்ந்தெடுங்கள். மிக நெருங்கியவரே மிகப் பொருத்தமானவர் என்று சொல்லிவிட முடியாது. உங்கள் வலியைக் கேட்டுத் தானே உடைந்துபோகும் ஒருவரை விட, பதறாமல் கேட்கும் ஒருவர் நல்லவர். கேட்டதை மற்றவர்களிடம் சொல்லாதவராக இருக்க வேண்டும். அறிவுரை சொல்லத் துடிக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. நண்பர், சீனியர், அக்கா, சித்தப்பா, பள்ளியில் பாடம் சொல்லித்தந்த ஆசிரியர் என்று யாராகவும் இருக்கலாம். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை என்றால் உதவி எண்ணில் பேசுபவரே அந்த முதல் ஆளாக இருக்கட்டும். தற்கொலைத் தடுப்பு உதவி எண்கள் உயிரின் விளிம்பில் நிற்பவர்களுக்கு மட்டும் உரியவை என்று பலர் நினைக்கிறார்கள். மனம் கனத்திருக்கும் யாரும் அழைக்கலாம். 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தொடங்கிய சமாரிட்டன்ஸ் சேவையிலிருந்தே இதுதான் வழக்கம்: அழைத்தவரை அளவெடுக்காமல் காதுகொடுப்பது.

அடுத்தது, எப்படித் தொடங்குவது. முழுக் கதையையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியதில்லை. முகம் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்:

"கொஞ்ச நாளா எனக்கு மனசு சரியில்லை. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்கு. நாளைக்கு சாயங்காலம் அரை மணி நேரம் பேசலாமா? தீர்வு எதுவும் சொல்ல வேண்டாம், கேட்டா போதும்."

இதில் கவனிக்க வேண்டியது கடைசி வரி. என்ன வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவரின் பதற்றம் பாதியாகக் குறைந்துவிடும். கேட்பதோடு நிறுத்த வேண்டுமா, கவுன்சலரிடம் கூட வர வேண்டுமா, வீட்டில் பேச உதவ வேண்டுமா என்பதையும் இப்படியே சொல்லுங்கள்.

சிலர் நன்றாகக் கேட்பார்கள். சிலர் "இதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதான், மனசை தைரியமா வச்சுக்கோ" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அந்தப் பதில் நெஞ்சில் தைக்கும். இனி யாரிடமும் சொல்லவே கூடாது என்று முடிவெடுக்கத் தோன்றும். அந்த முடிவை அன்றைக்கு எடுக்காதீர்கள். அவருக்குக் கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் வலி பொய் என்று அதற்குப் பொருளில்லை. முதல் ஆளிடம் பேசுவதற்கு முன்பே இரண்டாவது ஆளின் பெயரையும் யோசித்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

படி 4: கல்லூரிக்குள் இருக்கும் உதவி

பல கல்லூரிகளில் மாணவர் ஆலோசனை மையம் இருக்கிறது. மாணவர் நலன் அலுவலகம், உடல்நல மையம், ஹாஸ்டல் அலுவலகம் என்று ஏதாவது ஒன்றின் கீழ் அது இயங்கும். கல்லூரி இணையதளத்தில் தேடுங்கள், கிடைக்காவிட்டால் அலுவலகத்தில் கேளுங்கள். "என் நண்பனுக்காகக் கேட்கிறேன்" என்று கேட்டாலும் தவறில்லை.

முதல் சந்திப்பில் என்ன நடக்கும் என்று தெரியாததே பலரை வாசலில் நிறுத்திவிடுகிறது. பெரும்பாலும் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். பிறகு நாற்பது, ஐம்பது நிமிடம் பேச்சு. எதற்காக வந்தீர்கள், எவ்வளவு நாளாக, குடும்பம் எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்பார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்பார்கள். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான் அது, உண்மையைச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னதும் அட்மிட் செய்துவிடுவார்கள் என்ற பயம் பரவலாக இருக்கிறது. எண்ணம் வருவது வேறு, உடனே செய்துவிடும் நிலையில் இருப்பது வேறு. அந்த வேறுபாட்டைப் பிரித்தறியத்தான் மேற்கொண்டு கேள்விகள் வருகின்றன.

ரகசியம் பற்றி முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்டுவிடுங்கள். "நான் சொல்வது யாருக்குப் போகும்? என் துறைக்கோ பெற்றோருக்கோ தெரியுமா? பதிவேடு எங்கே இருக்கும்?" பொதுவான விதி, உங்கள் அனுமதி இல்லாமல் வெளியே போகாது என்பது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தை மீதான வன்கொடுமை, நீதிமன்ற உத்தரவு போன்றவை இதற்கு விதிவிலக்கு. நாட்டுக்கு நாடு, கல்லூரிக்குக் கல்லூரி விவரங்கள் மாறும். இந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்லும் இடத்தில் முழு மனதோடு பேச வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. வேறு இடம் தேடலாம்.

சந்திப்புக்கு மூன்று வாரம் காத்திருக்கச் சொல்லலாம். பெயரைக் கொடுத்துவிட்டே வாருங்கள். "யாராவது ரத்து செய்தால் என்னை அழையுங்கள்" என்று சொல்லி வையுங்கள். இடைப்பட்ட நாட்களில் குழு அமர்வு, சக மாணவர் ஆதரவுக் குழு எதுவும் உண்டா என்று கேளுங்கள். நிலைமை மோசமாகிக்கொண்டே போனால் அதை அங்கே போய்ச் சொல்லுங்கள். அவசரம் என்று தெரிந்தால் வரிசை மாறும். அமைதியாகக் காத்திருப்பவரின் வேதனை யாருக்கும் தெரிவதில்லை.

படி 5: வெளியே உள்ள நிபுணர்கள்

கல்லூரியில் மையமே இல்லை, அல்லது அங்கே போக மனமில்லை என்றால் பொது மருத்துவரிடமிருந்தே தொடங்கலாம். இது பலர் நினைப்பதை விட நல்ல வழி. தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவை மனச்சோர்வைப் போலவே களைப்பையும் மந்தத்தையும் தரும். ஓர் எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் உளவியல் படித்துச் சிகிச்சைப் பயிற்சி பெற்றவர். மதிப்பீடு செய்வார், பேச்சு வழிச் சிகிச்சை தருவார், பொதுவாக மருந்து எழுத மாட்டார். 'கவுன்சலர்' என்ற பலகையைப் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ள முடியும் என்பதால், என்ன படித்திருக்கிறீர்கள், எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல நிபுணர் இதற்குக் கோபப்பட மாட்டார். பணம் தடை என்றால் அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, உளவியல் துறை உள்ள பல்கலைக்கழகங்களின் பயிற்சி மையங்கள், வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள்.

பேச்சு வழிச் சிகிச்சைகளில் அதிகம் ஆராயப்பட்டது அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. 1960-களில் ஆரன் பெக் உருவாக்கியது. "இந்தத் தேர்வில் போனால் என் வாழ்க்கையே போச்சு" போன்ற எண்ணங்களைப் பிடித்து, ஆதாரத்தோடு உரசிப் பார்க்கவும், ஒதுக்கிவைத்த காரியங்களைச் சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்கவும் அது கற்றுத்தரும். வாரம் ஒரு தடவை வீதம் பெரும்பாலும் 6 முதல் 20 அமர்வுகள். வீட்டுப்பாடமும் உண்டு. அதைச் செய்பவர்களுக்கே பலன் அதிகம்.

மூன்று நான்கு அமர்வுக்குப் பிறகும் அவரோடு ஒட்டவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். சிகிச்சையின் பலனில் நிபுணருக்கும் உங்களுக்கும் இடையிலான நம்பிக்கைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆளை மாற்றுவது துரோகமல்ல. ஆனால் அவர் உங்கள் மதத்தையோ சாதியையோ காதலையோ பாலின ஈர்ப்பையோ குறைசொன்னால் நான்கு அமர்வு வரை காத்திருக்க வேண்டாம், அன்றே எழுந்து வந்துவிடுங்கள்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனதில் இருப்பதை ஒழுங்குபடுத்திக்கொள்ளவும், நிபுணரிடம் என்ன சொல்வது என்று எழுதிப் பார்க்கவும் அவை உதவலாம். ஆனால் நீங்கள் ஆபத்தில் இருக்கும்போது உங்கள் அறைக்கு வந்து கதவைத் தட்ட அவற்றால் முடியாது.

படி 6: மருந்து எழுதிக் கொடுத்தால்

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் முதலில் தரப்படுவது பெரும்பாலும் செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், ஃப்ளூஆக்ஸெடின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள். இவை வேலைசெய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் சில வாரம். ஆனால் குமட்டல், தலைவலி, தூக்க மாற்றம் போன்ற பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். தொந்தரவு முன்னாலும் பலன் பின்னாலும் வருவதால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பக்கவிளைவுகளில் பல ஓரிரு வாரங்களில் தணியும். பாலுறவு தொடர்பான சிரமங்கள் நீடிக்கலாம். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

உங்கள் வயதினர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. 25 வயதுக்கு உட்பட்ட சிலருக்கு, மருந்து தொடங்கிய அல்லது அளவு மாற்றிய முதல் வாரங்களில் அமைதியின்மையும் தற்கொலை எண்ணமும் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் சிறாருக்குத் தந்த எச்சரிக்கையை 2007-இல் 24 வயது வரை நீட்டித்தது இதனால்தான். மருந்தைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வாரங்களில் அருகில் ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும், மருத்துவர் குறித்த அடுத்த தேதியைத் தவறவிடாதீர்கள்.

உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ இருமுனைக் கோளாறு (மனம் சில காலம் அளவுமீறிப் பொங்குவதும் சில காலம் ஆழமாகச் சோர்வதுமான நோய்) இருந்தால் மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், சிகிச்சையே மாறும். குணமானது போலத் தோன்றியதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நலமடைந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்வதே வழக்கம். நிறுத்தும்போது மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். நண்பரின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது, மருந்தோடு மது அருந்துவது, இரண்டும் வேண்டாம்.

படி 7: படிப்பு

மனநலம் கெட்டால் வருகைப் பதிவு கெடும், அது கெட்டால் பயம் கூடும், பயம் கூடினால் வகுப்புப் பக்கமே போகத் தோன்றாது. இந்தச் சுழலை நடுவில் வெட்ட, ஒரு பேராசிரியரிடமோ ஒருங்கிணைப்பாளரிடமோ முன்கூட்டியே பேசுவதே சிறந்த வழி. நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. "சார், உடல்நிலை காரணமா சிகிச்சையில இருக்கேன். ரெண்டு அசைன்மென்ட் பாக்கி இருக்கு. பத்து நாள் அவகாசம் கிடைச்சா முடிச்சிடுவேன், மருத்துவச் சான்று தரேன்." இவ்வளவு போதும். பொதுவாக "உதவி செய்யுங்கள்" என்று கேட்பதை விட, என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பேசியதை மின்னஞ்சலில் இரண்டு வரியாக அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு செமஸ்டர் விடுப்பு எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் எழுத்தில் கேட்க வேண்டியவை: திரும்பச் சேர என்ன நடைமுறை, கட்டணம் என்ன ஆகும், உதவித்தொகையும் ஹாஸ்டல் இடமும் என்ன ஆகும், கல்விக் கடன் எப்போது திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். அந்த மாதங்களில் சிகிச்சைக்கான திட்டம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாத விடுப்பு பலரை வீட்டு அறைக்குள் இன்னும் தனிமையாக்கிவிடுகிறது. மிக மோசமாக இருக்கும் வாரத்தில் படிப்பையே விட்டுவிடும் முடிவை எடுக்க வேண்டாம். அதைத் தள்ளிப்போடலாம்.

படி 8: வீட்டில் சொல்வது

எல்லோரும் வீட்டில் சொல்லியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வன்முறையோ கட்டாயமோ உள்ள வீட்டில் அது ஆபத்தாகவும் முடியலாம். அப்படிப்பட்டவர்கள் நிபுணரோடு கலந்து முடிவெடுப்பது நல்லது. மற்றவர்கள் முதலில் யாரிடம் சொன்னால் அமைதியாகக் கேட்பார் என்று பார்த்து, அவரிடமிருந்து தொடங்கலாம். உடலிலிருந்து பேச்சைத் தொடங்கினால் பெரியவர்களுக்குப் புரிகிறது: "அம்மா, ஒரு மாசமா ராத்திரி மூணு மணி வரைக்கும் தூக்கம் வரல. சாப்பாடு இறங்கல. டாக்டர்கிட்ட போறேன். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாம கேளுங்க."

"நாங்க உனக்கு என்ன குறை வச்சோம்?" என்ற கேள்வி வரும். அதற்குள்ளே இருப்பது பெரும்பாலும் பயம்தான். "உங்க மேல தப்பு இல்ல, இது ஒரு நோய், சரியாகும்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரே உரையாடலில் முடிந்துவிடாது. முடிந்தால் ஓர் அமர்வுக்கு அவர்களையும் அழைத்துப் போங்கள். நீங்கள் பத்து முறை சொன்னது அங்கே ஒரே முறையில் ஏறிவிடலாம்.

படி 9: அன்றாடம்

தூக்கம், நடை, வெயில், மனிதர்கள். இவை சிகிச்சைக்கு மாற்று அல்ல, சிகிச்சை வேலைசெய்யத் தேவையான தரை. இந்த வயதில் 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். எழும் நேரத்தை நிலையாக வைத்தால் உறங்கும் நேரம் மெல்ல ஒழுங்குக்கு வரும். மாலைக்கு மேல் காபியைத் தவிர்ப்பதும் உதவும். மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னதாக ஒன்றைச் செய்துவிடுங்கள், மனம் பின்னால் வரும். பத்து நிமிட நடை, ஒரு துணி துவைப்பது, ஒருவருக்குப் பதில் எழுதுவது. இதையே திட்டமிட்டுச் செய்வது மனச்சோர்வுக்கு நிரூபிக்கப்பட்ட ஒரு சிகிச்சை முறையும்கூட.

தற்கொலை எண்ணம் வந்து போகும் நிலையில் இருப்பவர்கள், மனம் ஓரளவு தெளிவாக இருக்கும் ஒரு நாளில் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுதி போனில் வைத்துக்கொள்ள வேண்டும். கவுன்சலரோடு சேர்ந்து எழுதினால் மிக நல்லது. ஆறு பகுதிகள்: எனக்கு மோசமாகப் போகிறது என்பதற்கான முன்னறிகுறிகள், நானே செய்து தணிக்கக்கூடியவை, போய் உட்கார்ந்தால் கவனம் மாறும் இடங்களும் மனிதர்களும், உதவி கேட்கக்கூடிய நபர்களின் எண்கள், நிபுணர், உதவி எண், மருத்துவமனை ஆகியவற்றின் விவரங்கள், என்னைக் காயப்படுத்தக்கூடிய பொருட்களை யாரிடம் ஒப்படைப்பது. இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். தீவிரமான உந்துதல் பல நேரம் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே உயிரைக் காக்கிறது.

நண்பருக்காக இதைப் படிப்பவர்களுக்கு

மாற்றத்தை முதலில் காண்பவர் அறைத் தோழராகத்தான் இருப்பார். வகுப்புக்கு வராமல் போவது, மெசேஜுக்குப் பதில் இல்லாதது, பிடித்த பொருட்களை எல்லாம் பிறருக்குக் கொடுப்பது, "நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி" போன்ற பேச்சு, நீண்ட வாட்டத்துக்குப் பிறகு காரணமே இல்லாமல் வரும் திடீர் அமைதி. கண்டால் தனியாக அழைத்துக் கேளுங்கள்: "நீ முன்ன மாதிரி இல்ல. என்ன ஆச்சு?" தேவைப்பட்டால் நேரடியாகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்தது போலாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை, கேட்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் சற்று ஆறுதலே கிடைக்கிறது.

"ஆமாம்" என்று பதில் வந்தால் தனியாக விடாதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்பார். அந்தச் சத்தியத்தைச் செய்யக் கூடாது. "உன்னை இழக்க எனக்கு மனசு இல்ல. அதனால இதை நம்ம ரெண்டு பேர் மட்டும் வச்சுக்க முடியாது. யாரிடம் சொல்லலாம்னு நீயே சொல்லு, நானும் கூட வரேன்" என்று சொல்லுங்கள். கோபப்படலாம், சில நாள் பேசாமலும் இருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சந்திப்பு நேரம் வாங்கித் தருவது, வாசல் வரை கூடப் போவது, தவறவிட்ட வகுப்பின் குறிப்புகளைக் கொடுப்பது, அடுத்த வாரமும் மறக்காமல் கேட்பது, இவை உங்கள் வேலை. சிகிச்சை தருவது உங்கள் வேலை அல்ல. இரவு முழுக்க விழித்துக் காவல் காத்து உங்கள் தூக்கமும் படிப்பும் போகிறது என்றால், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பங்கு போடுங்கள். ஆலோசனை மையத்துக்கு நீங்களே போய் "என் நண்பரைப் பற்றிக் கவலையாக இருக்கிறது, நான் என்ன செய்வது?" என்று கேட்கலாம். நண்பர் வர மறுத்தாலும் உங்களுக்கான நேரத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம்.